வெளிநாட்டு லாவா விளக்கு: பிளக் பொருந்தினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தால் ராக்கெட் வடிவில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்கு அடியில் பளபளக்கும் உலோகத் தாங்கி. ஒயரின் முனையில் தட்டையான இரண்டு கம்பி பிளக். போன முறை பயணம் போனபோது வாங்கிய அடாப்டர் இழுப்பறையில் கிடக்கிறது.

"அதுல சொருகி சுவிட்சைப் போட வேண்டியதுதானே?"

கொஞ்சம் பொறுங்கள். அப்படிப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பல்பு ஒரு நொடி கண்ணைக் கூசும் வெள்ளையில் எரியும். பிறகு இருட்டு. அதிர்ஷ்டம் இருந்தால் பல்பு மட்டும் போகும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் பல்பின் கண்ணாடியும் உடையும்.

வெளிநாட்டுப் பொருளை இணையத்தில் வாங்குவது இப்போது சாதாரணம். கைத்தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் எந்த நாட்டிலும் வேலை செய்வதால், எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். லாவா விளக்கு அந்த ரகம் இல்லை.

<b>இதில் பல்புதான் அடுப்பு</b>

லாவா விளக்கை உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த எட்வர்ட் கிரேவன் வாக்கர். 1963ஆம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

புட்டிக்குள் ஒரு திரவம், அதில் வண்ண மெழுகு. குளிர்ந்திருக்கும்போது மெழுகு திரவத்தைவிடச் சற்றே கனமானது. அதனால் அடியில் உட்கார்ந்திருக்கும். கீழே இருக்கும் பல்பு சூடேற்றினால் மெழுகு உருகி விரியும், திரவத்தைவிட லேசாகும், மேலே எழும்பும். மேலே போனதும் சூடு குறையும், சுருங்கும், மறுபடி கீழே இறங்கும். அடியில் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும். இறங்கி வரும் மெழுகு உருண்டைகள் மறுபடி ஒன்றோடொன்று சேர அது உதவுகிறது.

ஆக, அந்தப் பல்பு வெளிச்சத்துக்கு மட்டும் வைக்கப்பட்டது இல்லை. அதுதான் அடுப்பு. சாதாரண மேசை விளக்கில் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. லாவா விளக்கில் சூடு கொஞ்சம் மாறினாலும் ஆட்டமே மாறிவிடும். சூடு போதாவிட்டால் மெழுகு அடியிலேயே கிடக்கும். அதிகமானால் மேலே போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது சின்னச் சின்ன முத்துகளாகச் சிதறும். நீண்ட நேரம் அப்படியே விட்டால் திரவம் கலங்கிவிடும், நிறமும் மங்கும். கலங்கிய விளக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

மின்னழுத்தத்தை நாம் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான்.

<b>120ஆ, 230ஆ?</b>

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட். தைவானில் 110. ஜப்பானில் இன்னும் குறைவு, 100 வோல்ட்.

பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து வாங்கினால் கவலை குறைவு. அங்கெல்லாம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட்தான். பிரிட்டிஷ் விளக்கின் மூன்று கம்பி பிளக் நம் சுவரில் அப்படியே பொருந்தும். மற்றவற்றுக்குப் பிளக்கை மாற்றினால் போதும்.

ஆனால் பிளக்கின் வடிவத்தைப் பார்த்து மின்னழுத்தத்தை முடிவு செய்யாதீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். தட்டையான இரண்டு கம்பி பிளக் அமெரிக்காவில் மட்டும் இல்லை. பிலிப்பீன்ஸிலும் சீனாவிலும்கூட அதே மாதிரி பிளக் உண்டு, ஆனால் அங்கே மின்னழுத்தம் 220 வோல்ட். ஒரே மாதிரி தெரியும் இரண்டு விளக்குகளில் ஒன்று இங்கே நிம்மதியாக எரியலாம், மற்றது சுவிட்ச் போட்டதுமே போகலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? விளக்கின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதிகபட்சம் 25 வாட்" என்பதுபோல் இருக்கும். பிறகு பல்பைக் கழற்றி அதன் மேல் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். இரண்டையும் பார்ப்பது அவசியம். இரண்டாம் கையாக வாங்கிய விளக்கு என்றால், முன்பு வைத்திருந்தவர் வேறு பல்பு போட்டிருக்கலாம்.

லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் குண்டு பல்பு வைத்த லாவா விளக்கில் அப்படிப் போட்டிருக்க வழியில்லை. பெரும்பாலும் அது தனி அடாப்டரில் ஓடும் எல்இடி விளக்காக இருக்கும்.

60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றி யோசிக்கிறீர்களா? அதை விட்டுவிடுங்கள். மோட்டார் இருக்கும் சாதனங்களுக்குத்தான் அது தலைவலி. பல்பின் இழைக்குச் சூடாவது ஒன்றுதான் வேலை. 50ஆ 60ஆ என்று அது பார்ப்பதில்லை.

<b>இரண்டு மடங்கு மின்னழுத்தம், நான்கு மடங்கு சூடு</b>

230 என்பது 120இன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "அப்போ சூடும் ரெண்டு மடங்குதானே?" இல்லை. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் அதே இழை வழியே ஓடும் மின்சாரமும் இரண்டு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். எனவே கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

120 வோல்ட்டுக்கான 25 வாட் பல்பை 230 வோல்ட்டில் போட்டால், கணக்குப்படி 92 வாட் வரும். உண்மையில் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடையும் கூடுவதால் 70 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவே அந்த மெல்லிய இழைக்கு மிக மிக அதிகம். அறுந்துவிடும்.

ஒரு விதத்தில் அது நல்லதுதான். பல்பு போவதால் புட்டி தப்பிக்கிறது. புட்டியில் 70 வாட் சூடு மணிக்கணக்கில் ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

சில பெரிய லாவா விளக்குகளின் ஒயரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கும். "டிம்மரைப் பாதிக்கு வெச்சுக்கிட்டா சரியாப் போயிடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த டிம்மரே 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் பாகங்கள் 230 வோல்ட்டைத் தாங்கும் என்று நம்ப முடியாது. யாராவது தெரியாமல் முழுதாகத் திருப்பிவிட்டாலும் கதை முடிந்தது.

<b>சரி, என்னதான் செய்வது?</b>

பிளக் அடாப்டர் என்பது வெறும் வடிவத்தை மாற்றும் துண்டு. தட்டைக் கம்பியை மூன்று கம்பி சாக்கெட்டில் நுழைய வைக்கும், அவ்வளவுதான். சுவரில் 230 வோல்ட் வந்தால் அதன் வழியே விளக்குக்கும் அதே 230 வோல்ட்தான் போகும்.

மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 230 வோல்ட்டை வாங்கி 110 அல்லது 120 வோல்ட்டாகத் தரும் பெட்டி அது. உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும் இருப்பதால் கையில் எடுத்தாலே கனக்கும். சிம் லிம் டவர் போன்ற இடங்களில் மின்பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது அதன் வாட் அளவைக் கவனியுங்கள். 25 வாட் விளக்குக்கு 25 வாட் டிரான்ஸ்ஃபார்மர் என்று சரியாக வாங்காதீர்கள். 50 வாட்டாவது இருக்கட்டும், 100 வாட் என்றால் இன்னும் நல்லது. லாவா விளக்கு ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் பொருள் இல்லை. மெழுகு அசையவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகும் பல மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரமும் டிரான்ஸ்ஃபார்மர் தன் உச்ச அளவிலேயே உழைத்தால் சூடாகிவிடும்.

கடையில் இன்னொரு பொருளையும் காட்டக்கூடும். உள்ளங்கை அளவு, எடை ஒன்றுமே இல்லை, ஆனால் 1,600 வாட் என்று எழுதியிருக்கும். விலையும் குறைவு. அது முடி உலர்த்தி போன்ற சாதனங்களைப் பயணத்தில் சில நிமிடம் பயன்படுத்துவதற்கான மின்னணு கன்வெர்ட்டர். மின்னலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. மணிக்கணக்கில் ஓட அது செய்யப்படவில்லை. லாவா விளக்குக்கு அது வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 110 வோல்ட் வருகிறது, விளக்கு 120 வோல்ட் என்றால் பரவாயில்லை. சூடு சற்றுக் குறையும், மெழுகு எழும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். நம் ஊர் வெப்பத்துக்கு அது நல்லதும்கூட. ஜப்பானிய விளக்கு என்றால் நிலைமை தலைகீழ். 100 வோல்ட் விளக்குக்கு 110 கொடுத்தால் சூடு ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். அதற்கு 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரையே தேடுங்கள்.

இரவில் விளக்கை அணைக்கும்போது சுவர் சுவிட்சையும் சேர்த்து அணையுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே, வெதுவெதுப்பாக இருந்துகொண்டே இருக்கும்.

<b>பல்பை மட்டும் மாற்றினால்?</b>

இது நல்ல கேள்வி. லாவா விளக்குக்குள் ஒயர், சுவிட்ச், ஹோல்டர், பல்பு, இவ்வளவுதான் இருக்கிறது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப முதலில் மாற வேண்டியது பல்புதான். 120 வோல்ட் 25 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 230 வோல்ட் 25 வாட் பல்பைப் போட்டால் சூடு அதே அளவுதான் வரும். டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படாது.

ஆனால் ஒரு சிக்கல். அமெரிக்காவில் அதிகம் விற்கும் 14.5 அங்குல லாவா விளக்கின் பல்பு இ17 வகைத் திருகு கொண்டது. திருகின் விட்டம் 17 மில்லிமீட்டர் என்று பொருள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சிறிய திருகு பல்பு இ14, அதாவது 14 மில்லிமீட்டர். இ17 ஹோல்டரில் அது ஆடும், பிடிக்காது. இ17 அளவில் 230 வோல்ட் குண்டு பல்பு தேடுவது குதிரைக்கொம்புதான்.

இரண்டுக்கும் நடுவே மாட்டும் சின்ன இணைப்புத் துண்டும் உண்டு. மாட்டினால் பல்பு சற்று உயரும், புட்டியின் அடியை நெருங்கும். லாவா விளக்கில் அந்தச் சிறு இடைவெளியும் சூட்டைத் தீர்மானிக்கிறது. தொட்டுக்கொண்டால் கண்ணாடிக்கே ஆபத்து.

பல்பு கிடைத்தாலும் வேலை முடியவில்லை. ஒயரில் இருக்கும் சுவிட்சும் ஹோல்டரும் எத்தனை வோல்ட் தாங்கும்? அவற்றின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். 250 வோல்ட் என்று இருந்தால் சரி. 125 வோல்ட் என்று மட்டும் இருந்தால் பல்பை மாற்றியும் பயனில்லை. மின்வேலை தெரிந்த தொழில்நுட்பரிடம் கொடுத்து ஹோல்டர், ஒயர், சுவிட்ச், பிளக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லலாம். அப்போது ஹோல்டரை இ14 ஆகவே மாற்றிவிட்டால் பல்பு தேடும் தொல்லையும் குறையும். ஆனால் பல்பின் உயரமும் வாட் அளவும் பழையபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். புதிய பிளக்கில் 13 ஆம்ப் ஃபியூஸ் இருந்தால் அதை 3 ஆம்ப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். விளக்கின் மெல்லிய ஒயருக்கு 13 ஆம்ப் அதிகம்.

புட்டி ஒரே அளவு என்றால், 230 வோல்ட் தாங்கியை மட்டும் தனியாக வாங்கி அதன் மேல் உங்கள் புட்டியை வைப்பதும் ஒரு வழி. பலருக்கும் தோன்றாத, ஆனால் இருப்பதிலேயே சுலபமான வழி.

<b>தொட்டால் ஷாக் அடிக்குமா?</b>

லாவா விளக்கின் தாங்கி பெரும்பாலும் உலோகம். நம் மூன்று கம்பி பிளக்கில் நீளமாக இருப்பது எர்த் கம்பி. உள்ளே ஏதாவது ஒயர் அறுந்து உலோகத்தில் பட்டால் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோக அது இருக்கிறது. இரண்டு கம்பி பிளக்கோடு வரும் விளக்கில் அந்த எர்த் இணைப்பே கிடையாது. மூன்று கம்பி அடாப்டரில் சொருகினாலும் எர்த் வந்துவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்க பிளக்கை உற்றுப் பாருங்கள், ஒரு கம்பி மற்றதைவிடச் சற்று அகலமாக இருக்கும். பல்பின் திருகுப் பகுதிக்கு மின்சாரம் ஏறக்கூடாது, நடுவில் இருக்கும் சிறு புள்ளிக்கு மட்டுமே ஏற வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எப்படியும் சொருகக்கூடிய மலிவு அடாப்டரில் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். திருகுப் பகுதியே மின்சாரம் ஏறியதாக மாறலாம். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பைக் கழற்றும்போது விரல் படுவது அங்கேதான்.

அதனால் பல்பைத் தொடும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாக உருவிவிடுங்கள். விளக்கு ஆறவும் விடுங்கள்.

"வீட்டுல ஆர்சிசிபி இருக்கே?" இருக்கட்டும், நல்லதுதான். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் சாதனம் அது. ஆனால் 120 வோல்ட் விளக்குக்கு 230 வோல்ட் போவதை அது தடுக்காது. அதைப் பொறுத்தவரை அங்கே கசிவே இல்லை.

<b>சூடு போதவில்லை என்றால்...</b>

எல்இடி பல்பு போட்டால் என்ன? மின்சாரம் மிச்சம், வோல்ட் பிரச்சினையும் இல்லை. உண்மைதான், ஆனால் மெழுகு அசையாது. எல்இடி கொடுக்கும் சூடு போதாது. குண்டு பல்புகள் கடைகளில் குறைந்துகொண்டே வருவதால், அடுப்புக்குள் எரியும் விளக்குக்கும் உப்புக்கல் விளக்குக்கும் விற்கும் சிறிய 230 வோல்ட் பல்புகளைத் தேட வேண்டியிருக்கும். வாட் அளவு லேபிளில் இருப்பதைத் தாண்டக்கூடாது.

மெழுகு எழும்பவில்லை என்று பொறுமை இழப்பவர்கள் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கென்ட் என்ற ஊரில், ஆடவர் ஒருவர் லாவா விளக்கின் புட்டியைச் சமையல் அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். புட்டி வெடித்தது. கண்ணாடித் துண்டு நெஞ்சில் பாய்ந்து அவர் உயிரிழந்தார்.

அடுப்பு, வெந்நீர், மைக்ரோவேவ், முடி உலர்த்தி எதுவும் வேண்டாம். மூடிய புட்டியில் திரவம் சூடானால் அழுத்தம் ஏறும். அதன் சொந்தப் பல்பு மெதுவாகக் கொடுக்கும் சூட்டுக்கு மட்டுமே அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

அறை வெப்பத்தையும் கவனியுங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். நம் வீவக வீட்டு வரவேற்பறையில் பிற்பகலில் 30 டிகிரி சர்வசாதாரணம். எல்லாம் சரியாக இருந்தும் மெழுகு மேலேயே நிற்கிறதா? அறை சூடாக இருப்பது காரணமாக இருக்கலாம். விளக்கை அணைத்து ஆறவிட்டு, இரவில் மறுபடி போட்டுப் பாருங்கள். அதே சமயம் ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், அங்கே மெழுகு எழும்பத் திணறும். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

<b>வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது</b>

சிங்கப்பூரில் மேசை விளக்குகள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் பட்டியலில் உள்ளன. இங்கே விற்கப்படும் அத்தகைய பொருள் சோதிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, எட்டு இலக்க எண்ணுடன் பாதுகாப்பு முத்திரை தாங்கியிருக்க வேண்டும். பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம் அதைக் கவனிக்கிறது. அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கவும் முடியும். மலேசியாவில் சிரிம் முத்திரையைத் தேடுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேரடியாக நீங்களே வரவழைக்கும் விளக்கில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. அதை நம் ஊர் மின்சாரத்துக்குச் சோதித்தவர் எவரும் இல்லை. பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை வோல்ட், பல்பு எத்தனை வாட், பல்பின் திருகு என்ன அளவு? பதில் வராவிட்டால் அடுத்த கடையைப் பார்க்கலாம். பல்பும் டிரான்ஸ்ஃபார்மரும் தேடி அலையும் செலவைக் கணக்குப் போட்டால், இங்கேயே முத்திரையோடு கிடைக்கும் 230 வோல்ட் விளக்கு பல நேரம் மலிவாகவே முடியும்.

<b>இங்கிருந்து கொண்டுபோனால்?</b>

மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் பிள்ளை, தன் அறையில் இருக்கும் லாவா விளக்கையும் பெட்டியில் வைக்க ஆசைப்படலாம். அங்கே பல்பு போகாது, வெடிக்கவும் செய்யாது. 230 வோல்ட் 25 வாட் பல்புக்கு 120 வோல்ட் கொடுத்தால் 10 வாட் அளவுக்குக்கூட வராது. மங்கலான மஞ்சள் வெளிச்சம் தெரியும், மெழுகு அடியிலேயே தூங்கும். தாங்கியை இங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். புட்டியை மட்டும் பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போய், அதே அளவுக்கான 120 வோல்ட் தாங்கியை அங்கே வாங்கிக்கொள்ளட்டும். புட்டியில் திரவம் இருப்பதால் அதைக் கைப்பையில் வைக்க முடியாது, சரக்காக அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.